பாமினியிலிருந்து கோஹாவுக்கு: தமிழ் நூற்பட்டியலை மாற்றிய பாடு

எங்கள் கல்லூரி நூலகம் ஒருவழியாகக் கோஹா என்ற நூலக மென்பொருளுக்கு மாறிவிட்டது. மென்பொருளை நிறுவியது, பார்கோடு ஒட்டியது, மாணவர் கணக்குகளைத் திறந்தது எல்லாம் பெரிய தொல்லையில்லாமல் நடந்தன. ஆங்கில நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் போதும், பிற நூலகங்களின் பதிவுகளை இசட்39.50 என்ற நூலகத் தேடல் நெறிமுறை வழியாக இறக்கிக்கொள்ளலாம். உயிரை வாங்கியவை தமிழ் நூல்கள்தான்.

பழைய தமிழ்ப் பட்டியல் முழுவதும் பாமினி எழுத்துருவில், அதாவது ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமிழ் உருவம் கொடுக்கும் பழைய எழுத்துருவில் இருந்தது. பழைய மென்பொருளை விற்ற நிறுவனத்தார் அதைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எடுத்துக் கொடுத்தார்கள். ஏற்றிப் பார்த்தால், 'இலக்கிய வரலாறு' நூலுக்குத் தலைப்புக் கட்டமே காலி! தலைப்பின் மிச்சம் ஆசிரியர் கட்டத்தில், ஆசிரியர் பதிப்பகத்தில், பதிப்பகம் விலையில். தொலைபேசியில் கேட்டால், "உங்கள் தரவில்தான் கோளாறு" என்று ஒரே பாட்டு.

பாமினியில் நம் கண்ணுக்கு 'இ' எனத் தெரிவது கணினிக்கு வெறும் காற்புள்ளி. இகரம் வந்த இடமெல்லாம் கட்டம் வெட்டுப்பட்டுவிட்டது. இதை எடுத்துச் சொன்னதும், அரைப்புள்ளியால் பிரித்து வேறொரு கோப்பு அனுப்பினார்கள். அது இன்னும் மோசம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிதான். ஒற்றே வராத தமிழ்த் தலைப்பு எத்தனை இருக்கும்? டேப் குறியால் பிரித்துக் கேட்டு வாங்கிய பிறகுதான் கட்டங்கள் ஒழுங்காக நின்றன. அதற்குத் தனிக் கட்டணம் வேறு கேட்டார்கள், கொடுக்கவில்லை.

அடுத்தது, பாமினியில் இருந்ததை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் வேலை. வெறும் உரைக் கோப்பில் எழுத்துருத் தகவல் இராது. அதற்கான மாற்றி மென்பொருளில் மொத்தமாகப் போட்டால் ஆங்கிலத் தலைப்புகளும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். எங்கள் பட்டியலில் மொழிக்கென ஒரு கட்டம் இருந்ததால் பிழைத்தோம். உங்களிடம் அது இல்லையென்றால், முதலில் ஆங்கிலத்தையும் தமிழையும் கையால் பிரித்துவிடுங்கள். மாற்றிய பிறகு பிரிப்பது பெரும்பாடு.

இதெல்லாம் முடிந்தும் 'கௌதமன்' என்ற பெயர் தேடலில் அகப்படவில்லை. நூல் அலமாரியில் இருக்கிறது, பதிவு திரையில் இருக்கிறது, தேடினால் மட்டும் வராது. பழைய பட்டியலில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கு 'ள' விசையையே தட்டியிருந்தார்கள். மாற்றியும் அதை 'கெளதமன்' என்றே வைத்துவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றால் கெளுத்தி மீன் குறுக்கே வருகிறது. அங்கே 'ள' உண்மையான 'ள'.

ஆகவே, பணி முடிந்ததெனக் கையெழுத்துப் போடுமுன் அலமாரியிலிருந்து இகரமும் ஔகாரமும் உள்ள நூல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் மாதிரித் தேடலை நம்பாதீர்கள். எங்கள் ஔகாரப் பதிவுகளை இன்னும் கையால்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம். அதுவரை இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள் என்று தேடல் கணினியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.