ரென்ராகுசென்னுக்கு ஆறு தட்டு

வட ஜப்பானில் அவோமோரி நகரத்து ‘ஸ்நாக்’ ஒன்றில் பாட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. ஸ்நாக் என்றால் தின்பண்டம் இல்லை. ஏழெட்டு பேர் நெருக்கியடித்து உட்காரும் சின்ன மதுக்கடை, மூலையில் ஒரு கரோக்கே பெட்டி. பெட்டியில் இசை ஓடும், வரிகள் திரையில் வரும், பாடுவது நாம். கடையை நடத்தும் பெண்மணியை எல்லாரும் ‘மாமா’ என்பார்கள். அம்மா என்றுதான் பொருள். கரோக்கே அறைகளில் நண்பர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு என்ன வேண்டுமானாலும் கத்தலாம். ஸ்நாக்கில் அப்படி முடியாது. முன்பின் தெரியாதவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் பாட்டை முழுசாகக் கேட்பார்கள். அதனால் என்ன பாடுவது என்று இரண்டு வாரம் யோசித்தேன். சோகப் பாட்டு வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமே இருக்கவில்லை.

டோக்கியோவில் உயேனோ பக்கம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக ஒத்திகை பார்த்தேன். முதலில் யோனெசு கென்ஷியின் ‘லெமன்’, 2018இல் வந்தது. கேட்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும் பாட்டு. ஆனால் பல்லவியில் சுருதி ஏறும் இடத்தில் என் குரல் கூடவே ஏறவில்லை. அடுத்து ‘நாதா சோசோ’. கண்ணீர் வழிந்தோடுவதைச் சொல்லும் ஒகினாவா வழக்கு அது. பாடகி மொரியாமா ரியோகோ, இளவயதில் இறந்துபோன தன் அண்ணனை நினைத்து எழுதிய வரிகள். மெதுவான மெட்டு, எனக்குத் தோதான சுருதி. இருந்தும் மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. என் அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, வாடகை நேரம் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் துக்கத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும் பாட்டை நாலு பேர் முன்னால் பாடக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

கடைசியில் எடுத்தது ‘த்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி’. த்சுகாரு நீரிணையின் குளிர்காலக் காட்சி என்று அர்த்தம். ஜப்பானின் பெருந்தீவுக்கும் வடக்கே ஹொக்கைடோ தீவுக்கும் இடையிலுள்ள கடல் அது. 1977 ஜனவரியில் வெளியானபோது பாடகி இஷிகாவா சயுரிக்கு வயது 18. எழுதியவர் அகு யூ, இசை மிகி தகாஷி. ஒரு பெண் உயேனோவிலிருந்து இரவு ரயிலில் வந்து, பனி கொட்டும் அவோமோரி நிலையத்தில் இறங்கி, கப்பலேறி வடக்கே போகிறாள். யாரைப் பிரிந்தாள், ஏன் பிரிந்தாள் என்று பாட்டு சொல்வதே இல்லை. ரயில், பனி, கடல் இரைச்சல், கப்பல். அவ்வளவுதான். எனக்குத் தெரியாத ஒருத்தியின் துக்கம் என்பதால் தைரியமாகப் பாட முடிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த மாதிரிப் பழைய பாட்டுகளில் பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு சுரம். புதுப் பாட்டுகளில் ஒரே சுரத்துக்குள் இரண்டு மூன்று எழுத்துகளைத் திணித்துவிடுகிறார்கள், திரையில் வரிகள் நிறம் மாறும் வேகத்துக்குக் கண் ஓடாது. குறில், நெடில், ஒற்று என்று வளர்ந்த நமக்கு ஜப்பானிய மொழியின் மாத்திரைக் கணக்கு சீக்கிரம் பிடிபடும். ஒபாசான் என்றால் அத்தை, ஒபாஆசான் என்று இழுத்தால் பாட்டி. ஓரிடத்தில்தான் நம் காது ஏமாறும். நமக்கு ஒற்றுக்கு அரை மாத்திரை. அவர்களுக்கு ‘ன்’ என்பது முழு மாத்திரை.

அவோமோரிக்கு இப்போது இரவு ரயில் இல்லை. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின்-அவோமோரி வரை சுமார் 3 மணி 20 நிமிடம், அங்கிருந்து ஒரே நிலையம். நீரிணையைக் கடந்த பழைய கப்பல்களில் ஒன்றான ஹக்கோதா மாரு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளம்! ரயில் பெட்டிகளை அப்படியே உருட்டி ஏற்றிக் கடல் கடந்திருக்கிறார்கள். 1954இல் தோயா மாரு என்ற கப்பல் புயலில் கவிழ்ந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் நீரிணைக்கு அடியில் சுரங்க ரயில் பாதை போடும் வேலை வேகம் பிடித்தது. 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1988 மார்ச் 13 அன்று திறந்ததும் கப்பல் சேவை முடிந்தது.

அன்று இரவு ஸ்நாக்கில் நான் தலைப்பைச் சொன்னதும் மாமா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கருவியை எடுத்துச் சுருதியை நாலு படி இறக்கினார். முதல் சரணத்தில் ‘ரென்ராகுசென்’ என்ற சொல் வரும். அந்தக் கப்பலைத்தான் அப்படிச் சொல்வார்கள். பழக்கதோஷத்தில் இரண்டு ‘ன்’னையும் விழுங்கிவிட்டேன், பாட்டு என்னை விட்டு முன்னால் போய்விட்டது. இடையிசை ஓடும்போது மாமா மேசைமேல் ஒற்றை விரலால் தட்டிக் காட்டினார். ரெ. ன். ரா. கு. செ. ன். ஆறு தட்டு.

“அவசரப்படாதீங்க. அவ தனியா ஏறிப் போறா” என்றார்.

இரண்டாவது சரணத்தை அந்த விரலைப் பார்த்துக்கொண்டே பாடினேன். என்கா என்னும் இந்த மாதிரிப் பழைய பாணிப் பாட்டுகளைப் பாடுபவர்கள் ‘கொபுஷி’ என்று குரலைச் சுழற்றுவார்கள், நம் கமகம் மாதிரி. அதை முயலவே இல்லை. பாடி முடித்ததும் ஓரத்தில் இருந்த பெரியவர் கை தட்டினார். பிறகு மைக்கை வாங்கி, இதே பாட்டைத் தன் சுருதியில் மறுபடி பாடினார். கப்பல் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் ரயிலுக்கு முன் துறைமுகத்துக்கு நடந்தேன். ஹக்கோதா மாரு அருகே அந்தப் பாட்டுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. யாராவது கிட்டே போனால் தானாகப் பாடும். பனி விழுந்துகொண்டிருந்தது, என்னைத் தவிர ஆளில்லை. அந்தச் சொல் வந்தபோது கையுறைக்குள் விரலால் தட்டினேன். பாட்டு நின்றதும் நாலடி பின்னால் போய், மறுபடி கல்லை நோக்கி நடந்தேன்.