சதர்லாந்தில் டீப் பை புதைத்த கதை

ஜூலை 17, 2025

காலை ஐந்து மணிக்குக் கேப் டவுனை விட்டுக் கிளம்பினேன். வண்டியின் பின்னால் மண்வெட்டி, இரும்பு வளையங்கள், ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர், அப்புறம் எண்பது டீப் பைகள். நாற்பது பச்சைத் தேயிலை, நாற்பது ரூயிபோஸ் (டீ மாதிரி போட்டுக் குடிக்கும் ஒரு செடி).

நேற்று ராத்திரி அவற்றை மேசையில் பரப்பி நூலில் எண் கட்டிக்கொண்டிருந்தபோது ஆயா வந்து பார்த்தார். நான் குடியிருக்கும் வீட்டுக்காரர். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் ஆள் இறக்கியதே, அதற்கு அப்புறம் வந்த ஏதோ ஒரு கப்பலில் கரும்பு வெட்ட வந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. தமிழ் நன்றாகப் புரியும். பேச ஆரம்பித்தால் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

"இத்தன டீ யாருக்கு கண்ணு?"

"மண்ணுக்கு ஆயா."

சிரித்துவிட்டு, வழியில் சாப்பிட ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக் கொடுத்தார்.

மலையேறி மேட்டுநிலத்துக்கு வந்ததும் காற்று மாறிவிட்டது. சதர்லாந்து தென்னாப்பிரிக்காவிலேயே குளிருக்குப் பேர்போன ஊர். தங்கும் விடுதியில் கதவைத் திறந்ததும் முதலில் கொடுத்தது சாவி இல்லை, சுடுநீர்ப் பை.

ஜூலை 18

ஆட்டுப் பண்ணை ஒன்றில் இடம் கொடுத்திருக்கிறார்கள். பண்ணைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். எல்லோரும் 'ஊம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆஃப்ரிகான்ஸில் மாமா மாதிரி. நானும் ஊம் என்றே கூப்பிட்டேன். நம் ஊரில் தலையாட்டிக் கதை கேட்கிற சத்தம் அது. இரண்டு தடவை சிரிப்பை அடக்க வேண்டியிருந்தது.

டீப் பை முறை 2013இல் நெதர்லாந்துக் குழு ஒன்று வெளியிட்டது. எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பச்சைத் தேயிலைப் பையும் ஒரு ரூயிபோஸ் பையும் அருகருகே புதைக்க வேண்டும். தொண்ணூறு நாள் கழித்துத் தோண்டி, காயவைத்து, எடை போட வேண்டும். பச்சைத் தேயிலை சீக்கிரம் மக்கும், ரூயிபோஸ் மெதுவாக. இரண்டிலும் குறைந்த எடையைச் சேர்த்துப் பார்த்தால், அந்த மண் எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது, எவ்வளவை மக்காமல் மிச்சம் வைக்கிறது என்று இரண்டு எண்கள் கிடைக்கும். உலகம் முழுக்க ஒரே பொருளைப் புதைத்தால்தான் ஒரு மண்ணையும் இன்னொரு மண்ணையும் ஒப்பிட முடியும். அதற்குக் கடையில் கிடைக்கும் டீப் பையை விடத் தோதானது என்ன? இதை முதலில் யோசித்தவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ரூயிபோஸ் இதே மேற்குப் பக்கத்துச் செடி, செடர்பெர்க் மலைகளில் சத்தில்லாத மணலில் விளைவது. கடல் தாண்டிப் போய்ப் பையில் அடைபட்டுத் திரும்பி வந்து, ஊர்ப் பக்கமே புதைபடுகிறது.

ராத்திரி அப்பாவுக்குப் போன். "ஆடிப் பட்டம் தேடி விதைச்சிட்டேன்ப்பா" என்றேன். "நம்ம கரிசக்காட்டுக்கு ஏது ஆடிப் பட்டம்? புரட்டாசிதான்" என்று திருத்தினார். கோவில்பட்டி மானாவாரிக்காரரிடம் பழமொழி சொல்லித் தப்பிக்க முடியாது. அடுத்த கேள்வி வழக்கமானதுதான்: "அங்க மழ உண்டா?"

ஜூலை 21

பெட்ரோல் போட நின்றபடி அம்மாவிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "எக்கா, தூத்துக்குடி பக்கமா?"

கோவில்பட்டி என்றேன். தம்பிக்குத் திருச்செந்தூர். புனேயில் முனைவர் பட்ட ஆய்வு, ஒரு வாரம் தொலைநோக்கியில் நேரம் கிடைத்து வந்திருக்கிறான். சதர்லாந்து ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது தொலைநோக்கிகள் உள்ள மலை. பெரிய சால்ட் தொலைநோக்கி அங்கேதான்: தொண்ணூற்றொரு அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்த பதினொரு மீட்டர் ஆடி, 2005இல் திறந்தது. ஆனால் அவன் உட்காருவது அதில் இல்லை. சால்ட்டுக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பினால் அங்கிருப்பவர்களே பார்த்துத் தருவார்களாம். இவனுக்குக் கிடைத்தது 1.9 மீட்டர் பழைய தொலைநோக்கி. 1948இல் பிரிட்டோரியாவில் வேலை தொடங்கி, அங்கே நகர வெளிச்சம் ஏறியதும் 1970களில் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. "நம்ம வீட்டு அம்பாசடர் மாதிரி. சத்தம் போடும், ஆனா போயிரும்" என்றான்.

அவன் பார்ப்பது இரட்டை விண்மீன்கள். ஒரு வெண்குள்ள விண்மீன் (எரிந்து தீர்ந்து சுருங்கிப்போனது) பக்கத்துத் துணையிடமிருந்து வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும். சில சோடிகள் இரண்டே மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி முடித்துவிடும். இந்த வாரம் ஏன் என்று கேட்டேன். "வியாழக்கிழம ஆடி அமாவாசல்லா. நிலா கிடையாது."

எங்கள் ஊரில் அன்றைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். இவன் இருட்டுக்காக நாள் பார்த்திருக்கிறான்.

ஜூலை 24

மேகம். மதியமே மேற்கே கருக்கட்டிவிட்டது. எனக்கு வாயெல்லாம் பல், மழைக்குத்தானே காத்திருக்கிறேன். அவனிடமிருந்து ஒரே சொல்லில் செய்தி: "போச்சு."

சாயங்காலம் மேலே போனேன். இருட்டிய பிறகு அங்கே முகப்பு விளக்குப் போடக் கூடாது என்பதால் வெளிச்சத்திலேயே ஏறிவிட்டேன். பகலில் விடுதித் தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம்கூட வரக் கூடாதாம், எல்லோரும் தூக்கம். அடர்ந்த திரை போட்ட அறைகள், மாலையில் எழுந்து உப்புமாவுக்கு ஏங்கும் முகங்கள். (பொட்டலத்தில் ரவை கொண்டு போயிருந்தேன். கருவேப்பிலைதான் இல்லை.)

ஈரப்பதம் ஏறினால் குவிமாடத்தைத் திறக்க முடியாது, ஆடியில் பனி படிந்துவிடும். அப்படியும் அவன் சும்மா இல்லை. மூடிய குவிமாடத்துக்குள் கருவியின் கதவையும் மூடி, படம் எடுத்துக்கொண்டிருந்தான். திரையில் வெறும் இருட்டு. என்ன இது என்றேன். ஒளியே படாதபோதும் உணரி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் விண்மீன் வெளிச்சத்திலிருந்து கழிக்க முடியும் என்றான். அதைக் குறைக்கத்தான் உணரியை அவ்வளவு குளிரில் வைத்திருப்பதாம்.

நான் காலையில் செய்ததும் அதேதான். மண்ணிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் மூடியை, மண்ணே இல்லாமல் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கவிழ்த்து, மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்தேன். ஒன்றும் வரக் கூடாது, கொஞ்சம் வந்தது. அந்தக் கொஞ்சத்தை எல்லா அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆய்வு நேரத்தில் கால்வாசியாவது ஒன்றுமில்லாததை அளப்பதில்தான் போகிறது. கட்டுரையில் அதற்கு ஒரு வரி வரும், அதுவும் சிறிய எழுத்தில்.

நான் இறங்கும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. "சந்தோசமாக்கா?" என்று கேட்டான். இல்லை என்று பொய் சொல்லவில்லை.

ஜூலை 25

விடிகாலை நாலு மணிக்கே பண்ணையில் நின்றேன். மழை நின்று அரை மணி ஆகியிருக்கும். விரல் விறைத்துப் பேனா பிடிக்க வரவில்லை.

இங்கே புதர்களுக்கு நடுவே மண்ணின் மேல் கறுத்த மெல்லிய தோல் ஒன்று இருக்கும். காய்ந்தபோது அழுக்கு மாதிரி தெரியும், யாரும் கவனிக்காமல் மிதித்துப் போவார்கள். அது நீலப்பச்சை நுண்ணுயிர்களும் லைக்கன்களும் பாசிகளும் மண் துகளைக் கட்டிப் பிடித்திருக்கும் உயிர்ப்பரப்பு. நீர் பட்டதும் சில நிமிடங்களில் பச்சை பிடிக்கத் தொடங்கும். டார்ச் வெளிச்சத்தில் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணல் துகளோடு துகளைத் தைத்த இழைகள் லென்சில் தெரிந்தன. பலத்த காற்றில் இந்த நிலம் பறந்து போகாமல் இருப்பதில் பெரும்பங்கு இந்த இழைகளுக்கு. ஒரு குளம்படி பட்டால் நொறுங்கும், மீண்டு வர வருடக்கணக்கில் ஆகும்.

மீட்டர் எண் எகிறியது. காய்ந்த மண் நனைந்ததும் கார்பன் டை ஆக்சைடு குபீரென்று வெளியேறும். கென்யாவில் இருந்த பர்ச் என்பவர் 1958இல் இதை விரிவாக எழுதியதால் பர்ச் விளைவு என்றே பெயர். வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடலும், பிழைத்தவை தங்களுக்குள் சேர்த்து வைத்த சத்தும் ஒரே நேரத்தில் தீனியாகின்றன. பல மாதம் மூச்சடக்கி இருந்த மண் சில மணி நேரத்தில் விடும் மூச்சு அது. மழைக்கு முன்னால் இடம் பிடித்து உட்காராதவர்களுக்குக் கிடைக்காது. அதற்காகத்தான் ஒரு வாரம் இந்தக் குளிரில் கிடந்தேன்.

மண் வாசனையும் வந்தது. கோவில்பட்டி வாசனை இல்லை, கொஞ்சம் கசப்பு, புதர்களின் எண்ணெய் கலந்தது. அடியில் இருக்கும் சரக்கு ஒன்றேதான். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் செய்யும் ஜியோஸ்மின். துள்ளுவாலிகள் என்ற பொடிப் பூச்சிகள் அந்த வாசனையைத் தேடி வந்து, பாக்டீரியாவைத் தின்று, அதன் வித்துகளை உடம்பில் ஒட்டிக்கொண்டு போய்ப் பரப்புகின்றன என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். நாம் மூக்கை விரித்து ரசிப்பது உண்மையில் பூச்சிக்கு விட்ட அழைப்பு.

ஊம் வேலியோரம் வந்து மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அப்பாவும் இப்படித்தான் பார்ப்பார்.

தம்பிக்கு ஏழு ராத்திரியில் மூன்றுதான் கிடைத்ததாம். நேற்று எல்லாமே போயிற்று. ஒரே மேகம்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. கேப் டவுன். ஆயா மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சினார். டர்பனில் ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு கஞ்சிதான் என்றார். இரண்டு டம்ளர் குடித்தேன்.

செப்டம்பர் 7

முழுச் சந்திர கிரகணம். நிலா எழும்போதே ஓரம் கடிபட்டுத்தான் எழுந்தது. ஏழரை மணிக்கு முழுக்கச் சிவந்து, ஒன்பதுக்குச் சற்று முன் வரை அப்படியே இருந்தது. ஆயா சமைத்ததையெல்லாம் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார், ஆனால் சன்னலை விட்டு நகரவில்லை. ஏன் சிவப்பு என்று கேட்டார். பூமியின் காற்று வழியாக வளைந்து போகும் சூரிய வெளிச்சம், உலகத்தில் அந்த நேரத்தில் எங்கெல்லாம் உதயமோ அஸ்தமனமோ அதன் நிறமெல்லாம் சேர்ந்தது என்றேன். "டர்பன்ல ஆனதும் அதுல இருக்குமா?" என்றார். டர்பனில் ஏற்கெனவே இருட்டிவிட்டது ஆயா. ஏமாற்றமாகப் பார்த்தார். பேசாமல் இருக்கும் என்றே சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 16

தொண்ணூறாம் நாள். பண்ணைக்குப் போனால் நான் நட்ட சிவப்புக் கொடிகளில் பாதி இல்லை. ஆடு தின்றிருக்கிறது. போனில் குறித்த இடம் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். எட்டு சென்டிமீட்டர் ஆழப் பைக்கு அது எதற்கும் உதவாது. நல்ல வேளை, ஒவ்வொரு குழியிலும் ஓர் ஆணி போட்டிருந்தேன். ஊம் தன் தாத்தா காலத்து நாணயம் தேட வைத்திருந்த உலோகம் காணும் கருவியைக் கொடுத்தார். பீப் பீப் என்று நாள் முழுக்கச் சுற்றினோம். நாற்பது சோடியில் முப்பத்து மூன்று கிடைத்தது. முள்ளம்பன்றி தோண்டிய நாலு குழிகள் தனிக் கணக்கு. ஊமுக்கு இரண்டு ஆணியும் ஒரு குதிரை லாடமும்கூடக் கிடைத்தன. லாடத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 20

தீபாவளி. எழுபது டிகிரி அடுப்பில் நாற்பத்தெட்டு மணி நேரம் காய்ந்த பைகளை நேற்று எடுத்துவிட்டேன். இன்று ஆய்வகத்தில் நானும் தராசும் மட்டும். ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தட்டி, ஒவ்வொன்றாக நிறுத்துக் குறித்தேன். எண்களை இங்கே எழுத மாட்டேன், முதலில் கட்டுரை வரட்டும். கறுப்புத் தோல் இருந்த இடமும் நொறுங்கிய இடமும் ஒன்றுபோல் இல்லை, அது மட்டும்.

ஒரு பையில் எண் கட்டிய நூல் அறுந்து போயிருந்தது. ரூயிபோஸ் என்று தெரிகிறது, எந்தக் குழி என்று தெரியவில்லை. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. டப்பியில் தனியாகப் போட்டு வைத்தேன்.

தம்பியிடமிருந்து செய்தி: அடுத்த வருடத்துக்கு மறுபடி நேரம் கேட்டு எழுதியிருக்கிறானாம். "தேதி முடிவானா சொல்லுதேன்க்கா, அந்த வாரம் மட்டும் நீங்க மழை கேக்காதீங்க."

அப்பாவும் கூப்பிட்டார். ஊரில் நேற்றிலிருந்து நல்ல மழையாம், பட்டாசு ஒன்றும் வெடிக்கவில்லையாம். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.