மீனுக்கு ஜாதகம்

மே 18, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வடசென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வலை பின்னுகிறவர்கள் பக்கத்தில் செல்போனில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அறிவியல் பாட்காஸ்ட் இவர்கள் காதில்தான் விழ வேண்டும். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறை செய்யும் வேலையில் பாதி இந்தக் கடலைப் பற்றியது. அது ஆங்கில ஆய்விதழுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மனசு ஆறவில்லை.

மே 21, புதன்

முதல் எபிசோட் மீனின் காது. வெளியே தெரியாது, மண்டைக்குள் இருக்கிறது. தண்ணீரில் வரும் சத்தம் மீன் உடம்பை அசைக்கும். உள்ளே இருக்கும் சுண்ணாம்புக் கல் கனமானது என்பதால் சற்றுப் பின்தங்கி அசையும். அந்த வித்தியாசத்தைக் கல்லை ஒட்டியிருக்கும் நுண்மயிர்கள் பிடித்துக்கொள்ளும். மீன் கேட்பது இப்படித்தான்.

மீன் வளர வளரக் கல்லிலும் அடுக்கு ஏறும். நாளுக்கு ஒரு வளையம் விழுவதை 1971-இல் ஜார்ஜியோ பன்னெல்லா எடுத்துச் சொன்னார். குஞ்சு மீனின் கல்லைத் தேய்த்து மெல்லிசாக்கி மைக்ரோஸ்கோப்பில் எண்ணினால், அது எந்த நாளில் பொரிந்தது என்பதுவரை போய்விடலாம்.

“அப்போ ஜாதகமே கணிக்கலாமே!” என்றாள் லேப் தோழி. எபிசோடுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

மே 24, சனி

காசிமேட்டில் ரெகார்டிங். தடைக்குள் வராத சின்ன ஃபைபர் படகில் வந்த மீன் கொஞ்சம் இருந்தது. மீன் விற்கும் அக்காவிடம் மைக்கை நீட்டி, மீன் தலைக்குள் கல் இருப்பது தெரியுமா என்று கேட்டேன்.

“கத்தாழை மீன் தலையில இருக்கும்பா. பெருசா இருந்தா கையில நிக்கும்” என்றவர், ஒரு தலையைப் பிளந்து விரலால் துழாவி, இரண்டு கல்லை எடுத்துத் தண்ணீரில் அலசி என் உள்ளங்கையில் வைத்தார். பீங்கான் போல வெள்ளை. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மேடும் பள்ளமும்.

வளையத்தை எண்ணி வயசு சொல்வோம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். “சரி தம்பி, இது முட்டை போட்ட மீனா, போடாத மீனானு அதுல தெரியுமா?”

கல் வயசைத்தான் சொல்லும். முட்டைக்கு வயிற்றைப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால்தான் எந்த வயசில் முட்டை போடத் தொடங்குகிறது என்று தெரியும், அதற்கு முன்னாலேயே பிடித்துவிடுகிறோமா என்பதும் தெரியும். மீன்வள ஆய்வின் மையக் கேள்வியே அதுதான். அக்கா கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டார். எபிசோடின் உயிர் அந்த ஒரு நிமிஷம்.

மே 28, புதன்

எடிட்டிங். எண்ணூர் நெடுஞ்சாலை டிரெய்லர் லாரிகளின் ஹாரனை முழுசாக எடுக்க முடியவில்லை. இருக்கட்டும், எங்கள் ஊர்ச் சத்தம்.

பேராசிரியர் கேட்டுவிட்டு ஜாதக நகைச்சுவையை எடுத்துவிடலாமா என்றார். வேண்டாம் சார் என்றேன். அந்தச் சிரிப்போடுதான் நாளுக்கு ஒரு வளையம் என்பது மனசில் நிற்கும். ஒத்துக்கொண்டார். ஒருவர் காசிமேட்டுப் பேச்சை மிமிக்ரி செய்து அனுப்பியிருந்த முன்னோட்டத்தை நாங்கள் சேர்க்கவில்லை. இந்த ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்து சினிமாவில் போதும் போதும் என்னும் அளவுக்குச் சிரித்தாகிவிட்டது. இங்கே அந்தப் பேச்சில்தான் அறிவியலே நடக்கிறது.

ஜூன் 1, ஞாயிறு

எபிசோட் வெளியாகி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நெத்திலிக்கும் கல் உண்டா என்று அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். உண்டு அக்கா, பொடிசாக.

திருவொற்றியூரிலிருந்து ஒருவர்: “மெரினாவுல மட்டும் அவ்ளோ மணல், எங்க பக்கம் ஏன் கடல் அரிச்சிக்கினே போவுது?”

இந்தக் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் தொடங்கிக் கட்டிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் கரை அரித்தது. அதனால்தான் இங்கே கல் கொட்டுவதும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் சுவரான தூண்டில் வளைவும். ஆனால் தூண்டில் வளைவும் மணலை மறிக்கத்தானே செய்யும்? அதற்கும் வடக்கே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கடற்கரைப் பொறியியல் படிக்கும் ஒரு சீனியர் வருவதாகச் சொல்லிவிட்டார். திருவொற்றியூர்க்காரரையும் மைக் முன்னால் உட்கார வைக்கிறோம், சனிக்கிழமை.