மிசிசிப்பிக் கரையில் ஒரு மூடிய பள்ளியும் பத்து நிமிடச் சலுகையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து மேற்கே 18ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் மிசிசிப்பிக் கரைக்குச் சுமார் நூறு மைல். சாலையின் பெரும்பகுதி ஒரு நீண்ட மலைமுகட்டின் மேலேயே ஓடுகிறது. பழைய ராணுவப் பாதை போன தடம் என்பதால் அந்த முகட்டுக்கு 'மிலிட்டரி ரிட்ஜ்' என்றே பெயர். இரு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்கொல்லைகள், பால்பண்ணைகள், சிவக்கத் தொடங்கிய மேப்பிள் மரங்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்தது பிரெய்ரி டு ஷீன் என்ற சிற்றூருக்கு. அங்கே கேம்பியன் என்றொரு பள்ளி இருந்தது. 1975இல் மூடிவிட்டார்கள்.

என்னோடு வந்தவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1962 முதல் 1966 வரை ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளியில் படித்தவர். அது கேம்பியன் அல்ல, வேறொன்று. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பள்ளியும் மூடப்பட்டு, கட்டடங்களை இடித்து, இப்போது அங்கே புல் மட்டும்தான் இருக்கிறதாம். "எங்க ஸ்கூல்ல போய்ப் பார்க்க ஒண்ணுமே இல்ல. கேம்பியன்ல சுவராவது நிக்குது. என் பெரியப்பா பையன் அங்கேதான் படிச்சான். ரெண்டு ஸ்கூலும் ஒரே மாதிரி, ஒரே சட்டம்" என்றார். அப்படித்தான் இந்தப் பயணம் கிளம்பியது.

ஊருக்குள் போகுமுன் வயலூசிங் மாநிலப் பூங்காவில் வண்டியை நிறுத்தினோம். இந்தப் பக்கம் போகிறவர்கள் யாரும் அதைத் தவறவிடக் கூடாது. ஆற்றுக்கு மேலே ஐந்நூறு அடி உயரத்தில் பாறைமுகப்பு. கீழே விஸ்கான்சின் ஆறு தீவு தீவாகப் பிரிந்து வந்து மிசிசிப்பியில் கலக்கிறது. 1673 ஜூன் 17 அன்று, ஜாக் மார்க்கெட் என்ற இயேசு சபைக் குருவும் லூயி ஜோலியேயும் இரண்டு படகுகளில் வந்து மிசிசிப்பியைக் கண்ட இடம் இதுதான். அவர்களோடு வந்தவர்கள் ஐந்தே பேர்.

அந்த மார்க்கெட் பாதிரியார் எழுதி வைத்த பயணக் குறிப்பில் புகையிலைக்குப் பெரிய இடம் உண்டு. தெற்கே போகும் வழியில் இல்லினாய் மக்கள் அவருக்கு ஒரு கேலுமெட் கொடுத்தார்கள். சிவப்புக் கல்லில் பளிங்குபோல் இழைத்த தலை, நீண்ட தண்டு, இறகு அலங்காரம் கொண்ட புகைக்குழாய். அரசர்களின் முடிக்கும் செங்கோலுக்கும்கூட இதற்குக் கிடைக்கும் மரியாதை கிடைப்பதில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அது வெறும் வியப்பு இல்லை. இன்றைய ஆர்கன்சா பகுதியில் வில்லும் அம்புமாக இளைஞர்கள் சூழ்ந்துகொண்டபோது, அவர் அந்தக் குழாயைத்தான் உயர்த்திப் பிடித்தார். கூட்டத்தில் இருந்த முதியவர்கள் அதைப் பார்த்துத் தடுத்த பிறகே உயிர் பிழைத்தார்கள். குழாயைக் கையில் பிடித்தவன் விருந்தாளி, பேச்சுக்கு உரியவன். அதுதான் அதன் பொருள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் பாறைத் திண்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முகப்புக்குக் கொஞ்ச தூரம்தான். அதற்கே இரண்டு முறை நின்றார். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சி, சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கும் அதேதான். பட்டியல்ல பேர் வந்தவனோடதான் ஃபாதர் பேசுவாங்க."

அந்தப் பட்டியலைப் பற்றித்தான் மீதிப் பகல் முழுவதும் பேசினோம்.

அவருடைய பள்ளியில் புகைப்பது குற்றம் இல்லை, சலுகை. பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து கையெழுத்திட்ட கடிதம் வர வேண்டும். மதிப்பெண் குறையக் கூடாது. எல்லாம் கூடி வந்தால் கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே ஒட்டிய தட்டச்சுத் தாளில் பெயர் வரும். மதிப்பெண் சரிந்தாலோ இரவுப் படிப்பு நேரத்தில் பேசிப் பிடிபட்டாலோ சிவப்புப் பென்சிலால் பெயரின் மேல் ஒரு கோடு விழும். அழிக்க மாட்டார்கள். கோடு போட்ட பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி அப்படியே மாதக்கணக்கில் இருக்கும்.

இடம், கொதிகலன் அறைக்குப் பின்னால் உள்ள படிக்கட்டு. பக்கத்தில் மணல் நிரப்பிய வாளி. நேரம், மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் தலா பத்து நிமிடம். மணி அடித்தால் பாதிச் சிகரெட்டையும் மணலில் குத்திவிட்டு ஓட வேண்டும். ஜனவரியில் பூஜ்யத்துக்கும் கீழே குளிர் இறங்கும். கையுறை போட்டால் சிகரெட் பிடிக்க வராது என்று வெறுங்கையோடு நிற்பார்களாம். வலது கையின் இரண்டு விரல்களை விரித்து எனக்குக் காட்டினார். குளிரில் வெடித்த தோல், அதற்குள் மஞ்சள் கறை. அந்தக் கறையை யாரும் தேய்த்துக் கழுவ மாட்டார்கள். அது இருந்தால்தான் கீழ் வகுப்புப் பையன்கள் வழி விடுவார்கள்.

மற்ற சலுகைகளும் இருந்தன. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு வரிசைக் கட்டில் போட்ட பொதுக்கூடம் இல்லை, இருவருக்கு ஓர் அறை. விளக்கு பதினொன்று வரை எரியலாம். சனிக்கிழமை மதியம் ஊருக்குள் போய் வரலாம். முன்வாசல் கதவைத் தொட அவர்களுக்கு மட்டும்தான் உரிமை, மற்றவர்கள் பக்கவாட்டு வழியில் போக வேண்டும். இவையெல்லாம் கடைசி ஆண்டுக்கு வந்தால் தானாகக் கிடைப்பவை. பட்டியல் மட்டும் அப்படி இல்லை. வீடும் பள்ளியும் சேர்ந்து 'இவனை நம்பலாம்' என்று எழுதித் தந்தது அது.

நான் கேட்டதிலேயே என்னை மிகவும் பாதித்தது இது: பட்டியலில் இருந்தவர்களில் சிலர் புகைக்கவே மாட்டார்களாம். வீட்டில் கெஞ்சிக் கடிதம் வாங்கி வந்து, படிக்கட்டில் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்களாம். எதற்கு? அங்கே வரும் இளம் துறவி ஆசிரியர்களுக்காக. வகுப்பில் லத்தீன் இலக்கணத்தில் ஒரு விகுதி பிசகினால் நிற்க வைத்துவிடும் அதே மனிதர், படிக்கட்டில் "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்பார். தன் ஊரைப் பற்றியும் தன் தம்பியைப் பற்றியும் பேசுவார். பேஸ்பால் பேசுவார். 1965 இலையுதிர் காலத்தில் ஒருநாள் என் நண்பரிடம் கேட்டிருக்கிறார்: "பதினெட்டு ஆனதும் ராணுவத்துக்குப் பதியணுமே, வியட்நாம் பத்தி நீ என்ன நினைக்கிறே?" அதற்குமுன் எந்தப் பெரியவரும் தன்னிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டதில்லை என்றார் நண்பர். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் என்ன விலையும் கொடுத்திருப்பார். கொடுத்தும் இருக்கிறார்.

இங்கே ஆண்டுக்கணக்கைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி, புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்ற அறிக்கையை வெளியிட்டது 1964 ஜனவரி 11. பங்குச் சந்தை ஆடிவிடக் கூடாது என்று சனிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து எழுதிய அறிக்கை அது. என் நண்பர் பெயர் பட்டியலில் ஏறியது அதே ஆண்டு செப்டம்பரில். அதாவது செய்தி வந்து எட்டு மாதம் கழித்து. மருந்தறையில் இருந்த கன்னியாஸ்திரி, நாளிதழில் வந்ததைக் கத்தரித்துப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாராம். மறுநாள் அது அங்கே இல்லை. வீட்டில் அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அப்பா, எரியும் சிகரெட்டைச் சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துவிட்டு, அடுப்படி மேசையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பள்ளி மட்டும் விதிவிலக்கு இல்லை. 1965இல் அமெரிக்காவில் வயது வந்தவர்களில் 42 சதவீதம் பேர் புகைத்தார்கள். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் வந்ததே 1966இல்தான். மருத்துவர்களும் ஆசிரியர்களும் குருக்களும் புகைத்த காலம். இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. பதினாறு வயதுப் பையனை மனிதனாக மதித்துப் பேச வேண்டும் என்று அந்தக் குருக்களுக்குத் தெரிந்திருந்தது. அதில் அவர்கள் சரியாகவே இருந்தார்கள். இன்றைய பள்ளிகள் பலவற்றில் அந்த அளவு மரியாதை இல்லை. அதை வாங்கப் பையன்கள் சிகரெட்டைப் பிடிக்க வேண்டியிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதே பத்து நிமிடத்தை ஒரு கோப்பை காப்பியோடு கொடுத்திருக்கலாம்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தைப் பற்றியும் சொன்னார். அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று படிக்கட்டு காலியாகிவிடும். ஏறக்குறைய எல்லோரும் புகையை விட்டுவிடுவார்கள், ஆசிரியர்களும்தான். ஞாயிறு தவக்காலக் கணக்கில் சேராது என்று வாதாடி ஞாயிறு மட்டும் பிடிப்பவர்கள் தனிக் கட்சி. நற்கருணைக்கு முன் புகைத்தால் உபவாசம் முறியுமா என்று மதபோதனை வகுப்பில் கேட்டுவிட்டு, புகை உணவல்ல, முறியாது, ஆனால் மரியாதையும் அல்ல என்ற பதிலோடு வருவார்களாம். ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில், கோயிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டி, பூசை முடிந்து, நள்ளிரவு தாண்டியதும் அத்தனை பேரும் படிக்கட்டுக்கு ஓடுவார்கள். அந்த ஓர் இரவுக்கு மட்டும் மணி கிடையாது. குருக்களும் மாணவர்களும் கலந்து நின்றிருந்த அந்தக் கூட்டத்தைச் சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்தது. தவக்காலம் முழுக்கப் புகையில்லாமல் இருக்க முடிந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வாரங்களிலும் அந்தக் குருக்கள் படிக்கட்டுக்கு வந்து பேசியிருந்தால் எத்தனை பேர் அப்படியே விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் ஊருக்குள் இறங்கினோம். கேம்பியன் தொடங்கியது 1880இல். நிலம் கொடுத்தவர் ஜான் லாலர், மிசிசிப்பியின் குறுக்கே மிதவைப் படகுகளின் மேல் ரயில்பாலம் போட்டவர். 1581இல் லண்டனில் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு எட்மண்ட் கேம்பியன் பெயரைப் பள்ளிக்குச் சூட்டியது 1913இல். 'கேம்பியனுக்கு ஒரு சிறுவனைக் கொடுங்கள், ஓர் ஆண்மகனைத் திரும்பப் பெறுங்கள்' என்பது அவர்கள் விளம்பர வாசகம். பின்னாளில் மெக்சிகோவின் அதிபரான விசென்டே ஃபாக்ஸ் இங்கே சிறிது காலம் படித்தார். 1978இல் கயானாவில் ஒரு மதக்குழு குடியிருந்த ஜோன்ஸ்டவுனுக்குப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனும் இந்தப் பள்ளியின் மாணவர்.

இப்போது அந்த வளாகம் மாநிலச் சிறை. உள்ளே போக முடியாது. முள்கம்பிச் சுருள் வைத்த இரட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பழைய கட்டடங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். வேலிப் பக்கம் கேமராவை நீட்டுவது சரியாகப் படவில்லை, அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை. நண்பர் கண்ணால் எதையோ தேடினார். பெரியப்பா மகன் சொன்ன படிக்கட்டு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறார். கண்டுபிடிக்க முடியவில்லை. விஸ்கான்சின் சிறைகளில் கைதிகள் புகைக்க இன்று அனுமதி இல்லை என்று நான் சொன்னதும், "நல்லது" என்றார் உடனே. கொஞ்சம் பொறுத்து, "அவங்க கிட்ட யாராவது வந்து பேசறாங்களா?" என்று கேட்டார்.

நேரம் இருந்தால் புனித ஃபெரியோல் தீவில் உள்ள வில்லா லூயி மாளிகையையும் பாருங்கள். 1965 பெருவெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தீவின் குடும்பங்களை மேட்டுக்குக் குடிமாற்றினார்கள். பாலம் தாண்டி அயோவா பக்கம் போனால், பூர்வகுடிகள் கரடி, பறவை உருவங்களில் எழுப்பிய மண்மேடுகள் இருக்கின்றன. அங்கே ஏற்றம் கடுமை. நண்பரால் முடியாது என்பதால் நாங்கள் போகவில்லை.

திரும்பும் வழியில், பிரிட்ஜ்போர்ட் பாலத்துக்கு அருகே, அவர் மகன் கதையைச் சொன்னார். 1980களில் பையனுக்குப் பதினாறு ஆனது. வீட்டில் புகைக்க அனுமதி கேட்டு அவன் வந்து நின்றபோது இவர் கையில் சிகரெட் இருந்தது. அதை அணைத்துவிட்டு, முடியாது என்றார். "உங்களுக்கு மட்டும் தாத்தா கொடுத்தாரே?" என்றான் பையன். இவர் காரின் இன்னொரு சாவியை எடுத்து மேசையில் வைத்து, ஞாயிறுதோறும் பாட்டியைப் பார்க்க இருபது மைல் நீயே ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றாராம். போகும் வழியெல்லாம் அவனிடம் கேள்வி கேட்பதை மட்டும் ஒரு விரதம்போல் வைத்துக்கொண்டார்: பள்ளியைப் பற்றி, ரேகனைப் பற்றி, கடவுளைப் பற்றி, நீ என்ன நினைக்கிறாய் என்று. அந்த வண்டிக்குள் யாரும் புகைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது பையன்தான். அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, அடுத்த ஆண்டு இவரும் அடியோடு விட்டுவிட்டார்.