அம்மாவின் இளைப்புக்குப் பெயர் தெரிய ஐந்து நடை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு 40 கிலோமீட்டர். அம்மாவுக்கு 64 வயது. ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அவரை ஐந்து தடவை கூட்டிக்கொண்டு அலைந்ததில் இரண்டரை நடை வீண். வீணானதற்குக் காரணம் நோய் இல்லை. யாராவது ஒரு வரி முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். சொல்ல ஆளில்லை.

எட்டு வருடமாக அம்மாவுக்கு 'வீசிங்'. ஊரில் டெரிஃபிலின் ஊசி, முற்றினால் நெபுலைசர், இரண்டு தடவை சளி டெஸ்ட். டி.பி. இல்லை என்று வந்ததும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி சீட்டை எடுத்தாலும் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று இருக்கும். உண்மைதான், அம்மா பீடியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் 26 வருடம் இட்லிக் கடை நடத்தியவர். ஓலைக் கொட்டகை, சன்னல் கிடையாது, விடிகாலை 4 மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தால் 10 மணி வரை எரியும். சீமைக்கருவேல விறகு, அது ஈரமாக இருந்தால் தென்னை மட்டை. கலைஞர் ஆட்சியில் கொடுத்த இலவச கேஸ் அடுப்பு வீட்டில் காபி போட மட்டும். "அம்புட்டு இட்லியைக் கேஸுல வச்சா கட்டுபடியாகுமா?" என்பார். இதை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதியதில்லை. நாங்களும் சொன்னதில்லை, அதுவும் உண்மை.

கடையை மூடி ஐந்து வருடமாகிறது. புகை நின்றுவிட்டது, இளைப்பு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. போன வருடம் இரண்டு தடவை ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்கப்புறம்தான் மதுரையில் ஒரு நெஞ்சக நோய் டாக்டரிடம் போனோம்.

முதல் நடை. டாக்டர் நல்லவர். விறகடுப்பு என்று நான் வாயைத் திறந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்று கேட்டார். நுரையீரல் எவ்வளவு ஊதுகிறது என்று பார்க்கிற ஸ்பைரோமெட்ரி எழுதினார். அந்த டெஸ்டுக்கு டோக்கன் காலை 11 மணியோடு முடிந்துவிடுமாம். டாக்டரைப் பார்த்து முடித்தபோது 11.20. "அங்கிட்டுப் போய் நாளைக்கி வாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர், தலையைத் தூக்காமல். நாளைக்கு வரும்போது என்ன செய்யக்கூடாது என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நடை. 11 மணிக் கெடுவுக்குப் பயந்து 6 மணி பஸ். செக்கானூரணி தாண்டும்போது அம்மாவுக்கு மூச்சு முட்ட, பையிலிருந்த நீல பம்ப்பை (இன்ஹேலர்) எடுத்து இரண்டு அடி அடித்துக்கொண்டார். 8 மணிக்கே வரிசையில் முதல் ஆள் நாங்கள்தான். 9.30-க்குக் கூப்பிட்டார்கள். "காலையில பம்ப் அடிச்சீங்களா பாட்டிம்மா?" "ஆமாத்தா, பஸ்ஸுல." அவ்வளவுதான், முடிந்தது. மருந்து இல்லாமல் ஒரு தடவை ஊத வேண்டும், மருந்து கொடுத்து 15, 20 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. அடித்துவிட்டு வந்தால் முதல் கணக்கே தப்பு. இந்த விவரம் சீட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. கவுன்டரில் கேட்டதற்கு, "பின்னாடி போட்டிருக்குல்ல சார்" என்றார். எட்டாம் வகுப்பு படித்த அம்மாவிடம் அந்தச் சீட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: நீல பம்ப் மாதிரி உடனே கேட்கிற மருந்தை நாலிலிருந்து ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் என்று வேலை செய்கிற மருந்துக்குக் கெடு இன்னும் அதிகம், அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிஜமாகவே மூச்சு முட்டினால் டெஸ்டாவது ஒன்றாவது, அடித்துவிடுங்கள், போய் நேரத்தைச் சொன்னால் போதும். கண் ஆபரேஷன், வயிற்று ஆபரேஷன், மாரடைப்பு என்று சமீபத்தில் ஏதாவது இருந்தால் கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். முக்கி ஊதுவதில் உள்ளே அழுத்தம் ஏறும், அதனால் தள்ளிப்போடுவார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர் கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வந்து நின்றார், பாவம், போடிநாயக்கனூரிலிருந்து.

மூன்றாம் நடை. இந்தத் தடவை பம்ப் என் சட்டைப் பையில். டெஸ்ட் எடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பொறுமைசாலி. மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கொடுத்து, "நல்லா இழுத்து ஒரே மூச்சா ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்றார். அம்மா ஊதினார், ஃபூ, ஃபூ, ஃபூ என்று. திரையில் கோடு சின்னச் சின்ன மேடாக எழும்பி விழுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவதில் இருமல். எட்டு தடவைக்கு மேல் பொதுவாக ஊதச் சொல்ல மாட்டார்களாம், அதற்குள் சரியானது மூன்று வேண்டும். எனக்கு வேர்த்துவிட்டது. நாலாவது தடவைதான் பொறி தட்டியது: அம்மா ஊதுவது ஊதாங்குழல் ஊத்து. 26 வருடம் கங்கை அப்படித்தானே ஊதிப் பற்ற வைத்தார்! விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. காதருகே குனிந்து, "அம்மா, இது விறகு இல்ல. பிறந்தநாளு பலூனும் இல்ல. கடை முழுக்கப் புகை, ஒரே ஊத்துல வாசல் வரைக்கும் தள்ளணும்" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இழுத்து ஊதினார். கோடு சர்ரென்று ஏறிச் சரிந்து, ஆறு விநாடியைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பெண் கையைத் தட்டிவிட்டார். ஏழாவதில் மூன்று கிடைத்துவிட்டது. ரத்தமும் கொடுத்தோம்.

நாலாம் நடை. மருந்து கொடுத்த பிறகும் முதல் விநாடியில் ஊதிய காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.58. 0.7-க்குக் கீழே நின்றால் அடைப்பு நிரந்தரம் என்று அர்த்தம். வயதுக்கும் உயரத்துக்கும் ஊத வேண்டியதில் 52 சதவீதம்தான் ஊதியிருந்தார். "இது ஆஸ்துமா இல்லம்மா, சி.ஓ.பி.டி." மூச்சுக்குழாய் நாள்பட அடைத்துக்கொள்கிற நுரையீரல் நோய். எட்டு வருடத்துக்கு அப்புறம் ஒரு பெயர். எனக்குத் துக்கமா நிம்மதியா என்று இன்னும் தெரியவில்லை.

புகை நின்று ஐந்து வருடமாகியும் ஏன் கூடுகிறது என்று கேட்டேன். புகையை எதிர்க்க வெள்ளணுக்கள் மூச்சுக்குழாய்க்குள் வந்து குவிகின்றன, அவை விடுகிற நொதி குழாய்ச் சுவரையே அரிக்கிறது, சுவர் தடித்துச் சளி சேருகிறது, புகை நின்றாலும் அந்தக் கூட்டம் கலைவதில்லை என்றார். "அடுப்ப அணைச்சாலும் உள்ள கங்கு கெடக்குங்கிறீங்க" என்றார் அம்மா. டாக்டர் சிரித்து, "அதேதாம்மா" என்றார்.

இப்படி வெள்ளணு குவிந்து புண்ணாவதற்கு அழற்சி என்று பெயர். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லையாம். பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுதான் முன்னால் நிற்கும், அதற்கு ஸ்டீராய்டு அவ்வளவாகக் கேட்காது. சிலருக்கு இயோசினோஃபில் அதிகம், அவர்களுக்கு இழுக்கிற மருந்தில் ஸ்டீராய்டு சேர்த்தால் அடிக்கடி முற்றுவது குறையும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அதன் எண்ணிக்கை 300-க்கு மேல் இருந்தால் சேர்க்கலாம், 100-க்குக் கீழே என்றால் பலன் சொற்பம், நிமோனியா பயம்தான் மிச்சம். அம்மாவுக்கு மொத்த வெள்ளணு 11,400, இயோசினோஃபில் 0.6 சதவீதம். பெருக்கினால் 68.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது, அதைச் சொன்னோம். "வேற?" அம்மா சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். சின்ன வெள்ளை மாத்திரை, நாலு. இளைப்பு வந்தால் ஊர் மருந்துக் கடையில் கொடுப்பது, ஐந்து நாளைக்கு. டெஸ்டுக்கு முந்தின வாரம்தான் வாங்கியிருக்கிறார். பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. அது உள்ளே இருந்தால் இயோசினோஃபில் தரைக்கு இறங்கிவிடும், மொத்த வெள்ளணு ஏறும். எடுத்த ரத்தம் வீண். நான்கு வாரம் கழித்து மறுபடி. எனக்கு அம்மா மேல் கோபம், மருந்துக் கடைக்காரர் மேல் அதைவிடக் கோபம். (மாதக்கணக்கில் தினமும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.)

அதுவரைக்கும் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து, கேப்ஸ்யூலாக. உள்ளே போட்டுத் திருகி இழுக்கிற கருவியும் சேர்த்து வாங்கினோம். மருந்துக் கடையில் கூட்டம். எப்படி என்று கேட்டதற்கு, "காலையில ஒண்ணு" என்றார்கள்.

ஐந்தாம் நடை. இளைப்பு துளியும் குறையவில்லை. டாக்டர், "இழுத்துக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா, "எதை?" என்றார். நான்கு வாரமும் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார்! கருவி அலமாரியில் பத்திரமாக இருந்தது, விலை கூடியதென்று. இது அடிக்கடி நடப்பதுதான் என்று டாக்டர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் வேலைக்குப் போய்விடுகிறவன், ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம்.

இந்தத் தடவை மொத்தம் 8,600, இயோசினோஃபில் 4.5 சதவீதம், 387. வயிற்றில் பூச்சி இருந்தாலும் இது ஏறும் என்று மலமும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. ஆக, ஸ்டீராய்டும் சேர்ந்த மருந்து. அம்மாவால் கேப்ஸ்யூல் பொடியை வேகமாக இழுக்க முடியவில்லை என்பதால் பம்ப்பாகவே கொடுத்து, ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் கூடும் எழுதினார். மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது, இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். கூட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட வேண்டும், துணியால் துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். அம்மாவை அங்கேயே மூன்று தடவை செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். இப்போது இரண்டு மாதமாகிறது. வெள்ளை மாத்திரைப் பொட்டலம் வரவில்லை, போன வாரம் ஆரப்பாளையத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார்ந்தார்.

ஒன்று விட்டுவிட்டேன். மூன்றாம் நடையில், டெஸ்ட் எடுத்த பெண்ணிடம் ஓர் அட்டை கேட்டு வாங்கி, 'ஊதுற டெஸ்டுக்கு வருபவர்கள் காலையில் பம்ப் அடிக்காமல் வரவும், டோக்கன் 11 மணி வரை' என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஐந்தாம் நடையில் பார்த்தேன், ஒட்டியிருந்தார்கள். கவுன்டருக்கு உள்பக்கம், உட்கார்ந்திருப்பவர் மட்டும் படிக்கிற மாதிரி.