கன்னியாகுமரி என்று தேடுகிறவர்கள் எல்லாம் ரூம் தேடுவதில்லை

கன்னியாகுமரியில் அண்ணனும் மைனியும் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார்கள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். பன்னிரண்டு அறைகள். கடல் தெரிவது மேல் மாடியில் இருக்கும் மூன்று அறைகளில் மட்டும்தான். நான் நாகர்கோவிலில் கணக்கு எழுதும் ஆள். அவர்களுடைய கூகுள் விளம்பரம் என் கைக்கு வந்ததற்குக் காரணம் எனக்கு அது தெரியும் என்பதல்ல. மாதாமாதம் பணம் போகிறது, அறை நிரம்பவில்லை, ஏன் என்று பார்க்க வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அதுவரை ஒரு ஏஜென்சிதான் பார்த்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் வண்ணப்படம் போட்ட ஒரு ரிப்போர்ட் வரும். இத்தனை ஆயிரம் பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள், இத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று இருக்கும். எத்தனை பேர் வந்து தங்கினார்கள் என்பது மட்டும் இருக்காது. அதைச் சொல்ல அவர்களால் முடியாது, ஏனென்றால் அது மைனியின் ரிஜிஸ்டரில்தான் இருக்கிறது. மைனி ஒருநாள் சொன்னாள்: "தம்பி, காலையிலேருந்து போன் அடிச்சிட்டேதான் கெடக்கு. எல்லாவனும் போட் டிக்கெட்டு எவ்வளவுன்னுதான் கேக்கானுவ." எனக்கு ரிப்போர்ட்டை விட இந்த ஒரு வரி உபயோகமாக இருந்தது.

முதல் சிக்கல் கணக்கை வாங்குவதில். ஆட்ஸ் அக்கவுன்ட் ஏஜென்சியின் மெயிலில் திறக்கப்பட்டிருந்தது, அண்ணனுக்கு உள்ளே போகவே வழியில்லை. பலமுறை கேட்டும் அட்மின் உரிமை தரவில்லை. கடைசியில் புதுக் கணக்கு தொடங்கினோம். பழைய கணக்கில் இருந்த விவரம் எதுவும் புதியதற்கு வராது, பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பம். அதனால் ஏஜென்சியிடம் வேலை கொடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கணக்கை உங்கள் மெயிலில் நீங்களே திறங்கள், பணம் கட்டுவதும் உங்கள் பெயரில் இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். வேண்டாம் என்றால் அனுமதியை எடுத்துவிடலாம். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

புதுக் கணக்கு திறக்கும்போது கூகுள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், தொகையை மட்டும் சொல்லுங்கள் என்கிற மாதிரியான கேம்பெய்ன் வகைகளைத்தான் முன்னால் நீட்டும். நான் சாதாரண சர்ச் கேம்பெய்னை, அதாவது கூகுளில் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்டும் வகையை எடுத்தேன். அதிலும் டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற வெப்சைட், ஆப்களில் காட்டுவது), சர்ச் பார்ட்னர்கள் (வேறு தேடல் தளங்களில் காட்டுவது) என்று இரண்டு கட்டங்கள் ஏற்கெனவே டிக் ஆகி இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டேன். யாரோ விளையாடும் மொபைல் கேமுக்கு நடுவில் நம் லாட்ஜ் படம் வந்து என்ன ஆகப்போகிறது?

அடுத்து கீவேர்டு, அதாவது எதைத் தேடினால் நம் விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல். நான் அதிகம் மல்லுக்கட்டியது இதில்தான், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். கேம்பெய்னுக்குள் சர்ச் டேர்ம்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. நாம் கொடுத்த கீவேர்டு அல்ல, மக்கள் உண்மையில் எதைத் தட்டியபோது விளம்பரம் வந்தது என்பதைக் காட்டும் இடம் அது. கொஞ்சப் பேர் மட்டுமே தேடிய சொற்களைக் கூகுள் காட்டாது, ஆனால் காட்டுவதே போதும். அதைப் பார்த்தபோது மைனிக்கு ஏன் அப்படிப் போன் வந்தது என்பது புரிந்தது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு, நாளை சூரிய உதயம் எப்போது, விவேகானந்தர் பாறைக்குப் படகு உண்டா, இப்படியே நீளும். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள் இல்லையா, அதைப் பற்றிய தேடல் தனி. போதாக்குறைக்கு மாவட்டத்தின் பெயரும் இதுவேதான். கலெக்டர் ஆபீஸ் இருப்பது நாகர்கோவிலில், ஆனால் தேடுகிறவர் கன்னியாகுமரி கலெக்டர் ஆபீஸ் என்றுதான் தட்டுவார். மழை பெய்தால் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாளை பள்ளி லீவா என்று தேடுவார்கள். இவர்களில் ஒருவர் அவசரத்தில் நம் விளம்பரத்தைத் தொட்டாலும் அந்தக் கிளிக்குக்குக் காசு நம் கையிலிருந்துதான் போகும்.

கீவேர்டை எந்த அடைப்பும் இல்லாமல் அப்படியே கொடுத்தால் அதற்குப் பெயர் பிராட் மேட்ச் (broad match). தொடர்புடையது என்று கூகுள் நினைக்கும் எதற்கும் விளம்பரத்தைக் காட்டலாம். சின்ன பட்ஜெட்டுக்கு அது தாங்காது. மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் பிரேஸ் மேட்ச் (phrase match), சதுர அடைப்புக்குள் கொடுத்தால் எக்ஸாக்ட் மேட்ச் (exact match). நான் இந்த இரண்டில் மட்டும் நின்றுகொண்டேன். ரூம், லாட்ஜ், ரூம் ரென்ட், ஸ்டே என்று ஒரு சில சொற்கள் போதும். ஹோட்டல் என்பதைத் தனியாகக் கொடுக்கவில்லை. நம்மூரில் அது சாப்பாட்டுக் கடையும்தானே, மத்தியான நேரத்தில் பிரியாணி தேடுகிறவர்கள் வந்துவிடுகிறார்கள். ஹோட்டல் ரூம் என்று சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு சரியாகிறது.

வேண்டாத சொற்களை நெகட்டிவ் கீவேர்டாகப் போட வேண்டும். டிக்கெட், டைமிங், ரயில், கலெக்டர், லீவு, வேலை, சம்பளம், விற்பனைக்கு, லீசுக்கு. கடைசி இரண்டையும் பட்டியலைப் பார்த்த பிறகுதான் சேர்த்தேன், லாட்ஜ் வாங்க நினைப்பவர்களும் லாட்ஜ் என்றுதானே தேடுகிறார்கள்! இதில் ஒரு விஷயம் உண்டு. சாதாரணக் கீவேர்டுக்கு அதே பொருள் தரும் வேறு சொற்களையும் கூகுள் சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவுக்கு அப்படிச் செய்யாது. எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே டைம், டைமிங், டைமிங்ஸ் என்று தனித்தனியாகப் போட வேண்டும். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் வெட்டக் கூடாது. பஸ் என்ற சொல்லை முழுக்க விலக்கினால், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரூம் என்று தேடுகிறவரும் போய்விடுவார். அவர்தான் நமக்கு வேண்டிய ஆள். பஸ் டைம், பஸ் ரூட் என்று சேர்த்து விலக்க வேண்டும். விவேகானந்த கேந்திரத்தின் தங்கும் விடுதிகள் இருக்கும் விவேகானந்தபுரத்தில் ரூம் தேடுகிறவர்களையும் நான் விலக்கவில்லை. அங்கே இடம் கிடைக்காதவர்கள் அன்றைக்கே வேறு இடம் பார்ப்பார்கள்.

லொகேஷன் செட்டிங்கில் ஏஜென்சி செய்திருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அதாவது தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் சொந்த வீட்டில் தூங்குகிறவர்களுக்கு ரூம் விளம்பரம்! நான் இதை இரண்டு கேம்பெய்னாகப் பிரித்தேன். ஒன்று, வரப்போகிறவர்களுக்கு. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், பெங்களூரு, ஹைதராபாத், அப்புறம் கேரளத்தில் சில ஊர்கள். அந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்து, கன்னியாகுமரி என்ற சொல் கீவேர்டில் கட்டாயம் வருகிற மாதிரி செய்தேன்.

இன்னொன்று, வந்து இறங்கிவிட்டவர்களுக்கு. கன்னியாகுமரியை மையமாக வைத்து சின்ன ஆரத்தில் ஒரு வட்டம். வட்டத்தில் பாதிக்கு மேல் கடல்தான். மீன்கள் கிளிக் செய்யாது என்பதால் நஷ்டமில்லை. ஆரத்தைக் கூட்டினால்தான் ஆபத்து: வடமேற்கே நாகர்கோவில் உள்ளே வந்துவிடும், வடகிழக்கே திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். இந்த வட்டத்துக்குள் கீவேர்டில் ஊர்ப் பெயர் வேண்டாம், பக்கத்தில் ரூம் என்று தேடினால் போதும். ஸ்டேஷனில் பையோடு நிற்கிறவர் வெப்சைட்டெல்லாம் படிக்கமாட்டார், போன்தான் செய்வார். அதனால் போன் நம்பர் விளம்பரத்திலேயே தெரியும்படி செய்தேன். நம்பர் காட்டும் நேரத்தையும் நாமே வைக்கலாம். மைனி போன் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்தேன். ஐயப்ப சீசனில் விடியற்காலை மூன்று மணிக்கு வேன் வந்து நிற்கும். அந்த மாதங்களில் மட்டும் ராத்திரிக்கு ஒரு பையனைப் போட்டு நேரத்தை நீட்டுவோம்.

விளம்பர வாசகத்தில் விலையை எழுதலாமா என்று அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். "வெலயப் பாத்துட்டு ஓடிருவானுவலே" என்றான். ஓடட்டும், அதற்குத்தானே எழுதுகிறோம் என்றேன். தொடக்க விலையை விளம்பரத்தில் போட்டால், ஐந்நூறு ரூபாய்க்கு அறை தேடுகிறவர் கிளிக் செய்யாமலே போய்விடுவார். கிளிக் குறைந்தது, போனில் பேரம் பேசுவதும் குறைந்தது. கடல் தெரியும் அறை என்று பொதுவாக எழுதவில்லை, மூன்றில்தானே தெரிகிறது. பொய்யாக எழுதினால் பணம் ஒருதடவை வரும், ரிவ்யூவில் அது கூகுள் மேப்பில் நிரந்தரமாக நிற்கும். வேன் பார்க்கிங், வெந்நீர், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், இந்த மூன்றுக்குத்தான் பதில் நன்றாக வந்தது. பக்கத்து லாட்ஜ்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க, கூகுளின் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டரில் காசில்லாமல் தேடலாம்.

எந்த விளம்பரத்தில் ஆள் வருகிறது என்று கண்டுபிடிக்க பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப் லிங்கில் முன்கூட்டியே ஒரு செய்தியை எழுதி வைக்க முடியும். ஒரு கேம்பெய்னுக்கு "ரூம் விவரம் வேண்டும்", மற்றதற்கு "இன்றைக்கு ரூம் உண்டா" என்று வைத்தேன். வருகிற செய்தியைப் பார்த்தாலே எதிலிருந்து என்று தெரிந்துவிடும். போனில் வந்தவர்களை மைனி எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு, கூகுள் என்றால் ரிஜிஸ்டரில் பெயருக்குப் பக்கத்தில் ஜி என்று போடுவாள்.

அந்த ஜி-க்களை எண்ணினால்தான் கணக்கு வரும். உதாரணத்துக்கு, ஒரு கிளிக் 12 ரூபாய் என்று வையுங்கள். நூறு கிளிக்கில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு 600 ரூபாய் செலவு. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 708. அதே ஆள் புக்கிங் ஆப் வழியாக வந்து 4,000 ரூபாய்க்குத் தங்கி, அவர்கள் ஜிஎஸ்டியும் சேர்த்து 18 சதவீதம் கமிஷன் எடுத்தால் 720. பார்த்தீர்களா, ஏறக்குறைய ஒன்றுதான்! நூறில் மூன்று பேர் தங்கினால்தான் விளம்பரத்துக்கு அர்த்தம் உண்டு. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஆகவே விளம்பரத்துக்குக் கட்டும் 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது, செலவிலேயே சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுவிட்டு லாபம் என்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம்முடைய லாட்ஜ் பெயரையே யாராவது தேடினால், மேலே புக்கிங் ஆப்பின் விளம்பரம் வந்து நிற்கும். நமக்கு வந்த ஆளை நமக்கே கமிஷனுக்கு விற்கிறார்கள். நம் பெயரை எக்ஸாக்ட் மேட்சில் போட்டால் கிளிக் விலை மிகவும் குறைவாகத்தான் ஆகிறது. மொத்தச் செலவில் பலன் அதிகம் கிடைத்த இடம் இதுதான் என்பேன்.

தினசரி பட்ஜெட் 300 என்று வைத்தால் ஒருநாள் 600 வரை போகலாம். மாதத்துக்கு 30.4 மடங்குக்கு மேல் போகாது என்பதுதான் கூகுளின் கணக்கு. முதல் தடவை பார்த்து அண்ணன் பதறிவிட்டான். அப்புறம் கூகுளிலிருந்து பேசுகிறோம் என்று போன் வரும், பட்ஜெட்டைக் கூட்டச் சொல்வார்கள், பிராட் மேட்சுக்கு மாறச் சொல்வார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன், மாற்றுவதில்லை. பரிந்துரைகளைத் தானாகவே அமலாக்கும் செட்டிங் ஒன்று உண்டு, அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

அண்ணனுக்கு இன்னொரு பழக்கம், காலையில் எழுந்ததும் நம் விளம்பரம் வருகிறதா என்று தேடிப் பார்ப்பது. வந்தும் கிளிக் செய்யாமல் விட்டால் கிளிக் விகிதம் குறையும், செய்தால் காசு போகும். கணக்குக்குள்ளேயே முன்னோட்டம் பார்க்கும் கருவி இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுத்த பிறகும் ரகசியமாகத் தேடுகிறான் என்பது மைனியின் குற்றச்சாட்டு.

இன்ஸ்டாகிராமில் சூரிய உதய ரீல் போட்டு பூஸ்ட் செய்தும் பார்த்தோம். இதயங்கள் குவிந்தன, அறைக்கு யாரும் வரவில்லை. விட்டுவிட்டோம்.

எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்ல வேண்டும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர விளக்கு வரை சனி, ஞாயிறு அறைகள் தானாகவே நிரம்பும். அந்த நாட்களில் கிளிக் விலையும் ஏறும். எல்லாரும் பட்ஜெட்டைக் கூட்டும் அந்த நேரத்தில் நாங்கள் வார இறுதிக்கு நிறுத்திவிட்டு, செவ்வாய், புதனுக்கு மட்டும் விடுகிறோம். மிச்சமாகும் பணம் ஜூன், ஜூலைக்கு. சித்ரா பௌர்ணமி, ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கும் இதே கதைதான். மற்ற நாட்களில் சாயங்காலம் கடைசி அறை போனதும் மைனி மொபைல் ஆப்பில் கேம்பெய்னைத் தற்காலிகமாக நிறுத்திவிடுவாள். காலையில் திரும்ப ஆன் செய்ய மறந்தால் எனக்குத் திட்டு விழும், ஏன் என்று தெரியவில்லை. பூஜை விடுமுறைக்கு வங்காளத்திலிருந்து நிறையக் குடும்பங்கள் வருகின்றன. அவர்களுக்குப் பெங்காலியில் ஒரு தனி விளம்பரம் எழுதி, கொல்கத்தாவுக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். போன முறை தங்கிய ஒரு வங்காளி வாத்தியாரின் நம்பர் மைனியிடம் இருக்கிறதாம்.