வாங்கில் ஏறிய கப்டன்

சேர் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் வந்தபோது அடிலெயிட் விமான நிலையத்தில் எனக்கு இரவு வேலை. பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குவதுதான் இங்கே என் தொழில். சேர் அறிந்திருந்தால் ஒரு பகிடி விட்டிருப்பார்.

எந்த சேர் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடைசி வாங்கில் நித்திரை கொள்பவனின் நெற்றியில் சோக்கட்டி பட்ட சத்தம் இன்னும் பலருக்குக் கேட்கும்.

ஒன்பதாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம். படித்து என்னவாகப் போகிறாய் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். டொக்டர், எஞ்சினியர், டொக்டர், டொக்டர். நான் பைலட் என்றேன்.

"வாங்கில ஏறு. இங்கிலாந்திலயிருந்து அவுஸ்திரேலியாவுக்கு முதல் பறந்தது ஆர்?"

"ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித், சேர்."

"மற்ற ரெண்டு பேர்?"

வாய் திறக்கவில்லை.

"ஓட்டினவன்ர பேர் தெரியுது, எஞ்சின் பார்த்தவன்ர பேர் தெரியேல்லை. நல்ல கப்டன்தான் நீ!"

வகுப்பே சிரித்தது. பள்ளிக்கூடம் விடும்வரை வாங்கில் நின்றேன். அன்றிலிருந்து என் பெயர் கப்டன். இப்போது சிட்னியில் இருக்கும் சிலருக்கு என் சொந்தப் பெயர் தெரியுமோ சந்தேகம்.

நான் நின்றபடி இருக்க, சேர் கதையைச் சொன்னார். 1919. 30 நாளுக்குள் வந்து சேரும் அவுஸ்திரேலியருக்கு 10,000 பவுண் என்று அந்த அரசு அறிவித்தது. போரில் குண்டு போடவென்று செய்த விக்கர்ஸ் விமி விமானம். ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கூரை இல்லை. நவம்பர் 12 லண்டன் பக்கம் ஹவுன்ஸ்லோவில் கிளம்பி, கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கி, டிசம்பர் 10 டார்வின். இலங்கைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. சிங்கப்பூரில் இறங்கியது குதிரைப் பந்தயத் திடலில். இடம் போதாது. பெனற் என்ற மெக்கானிக் விமானத்தின் முதுகில் ஊர்ந்து வால் பக்கம் போனார், தன் பாரத்தால் வாலை அமுக்கி விமானத்தை நிறுத்த. மற்ற மெக்கானிக் ஷியர்ஸ். ஜாவாத் தீவின் சுரபாயாவில் சில்லுகள் சேற்றில் புதைந்தன. சனம் தங்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்தது. அதன்மேல் ஓடித்தான் விமி எழும்பியது.

"பாய் குடுத்தவன்ர பேர் எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டு, கரும்பலகையை அழித்தார்.

பரிசுப் பணத்தை நால்வரும் சமமாகப் பிரித்தார்கள். பிரிட்டிஷ் அரசரின் 'சேர்' பட்டம் மட்டும் ஸ்மித் சகோதரர் இருவருக்கு. 1922இல் உலகத்தைச் சுற்றவென்று வேறொரு விமானத்தைப் பரீட்சித்தபோது ரொஸ் ஸ்மித்தும் பெனற்றும் ஒன்றாகவே விழுந்து இறந்தார்கள்.

அந்த விமி இங்கேதான், நான் வேலை செய்யும் விமான நிலையத்தில் நிற்கிறது. இவ்வளவு தூரம் பறந்து வந்தது, 1957இல் அடிலெயிட்டுக்கு லொறியில் கொண்டுவரும்போது நெருப்புப் பிடித்ததாம்! திருத்தி வைத்திருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், என்னையறியாமல் எஞ்சினுக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் வெளிநாடு. எல்லோருக்கும் நற்சான்றுக் கடிதம் எழுதியவர் அவர். என்னுடையதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஏறிப் போறது சுகமடா" என்றார். பகிடி என்று எடுத்துக்கொண்டேன். இங்கே கூப்பிட்டு விமியைக் காட்ட வேண்டும் என்று கதைத்தோம். வீடு, கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரு கரைக்கு வர, அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது.

இப்போது சேரின் நினைவாக ஆய்வுகூடம் திருத்தச் சங்கம் பணம் சேர்க்கிறது. தந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டுவார்களாம். என் பங்கை அனுப்பிவிட்டேன். என் பெயரைப் போடுவதென்றால், மேசை செய்த தச்சர், குழாய் பூட்டினவர் பெயர்களையும் போடுங்கள் என்று செயலாளருக்கு எழுதினேன். கல்லில் இடம் காணாதாம்.